துணிமேல எழுதின பேரு

கருமம் பிடிச்ச இந்தக் கைக்குட்டைய என்ன செய்யிறதுன்னு தெரியாம உள்ளங்கையில வச்சுக் கசக்கிக்கிட்டு உக்காந்திருக்கேன். ரெண்டு சொட்டு நீலகிரித் தைலம் விட்டு, நாலா மடிச்சு, தட்டுல அடுக்கி, கல்யாண வீட்டுல சந்தனம் நீட்டுற மாதிரி கவுன்சிலிங் பண்ணுற பெனிலா மேடம் ஒவ்வொருத்தர் முன்னாடியும் நீட்டிக்கிட்டு வந்துச்சு. மனசு பழைய எடத்துக்கு ஓடுச்சுன்னா இத மோந்து பாருங்க, இந்த நாற்காலிக்குத் திரும்பி வந்துரலாம்னுச்சு. வெளங்கிரும். மத்த பத்துப் பேரும் மூக்குல வச்சு இழுத்தாங்க, நல்லாருக்கு மேடம்னாங்க. நான் ஒருத்தன் மட்டும் இழுத்த இழுப்புல நேரா மார்ச்சுவரிக்குப் போயிட்டேன். இருபத்திரெண்டு வருசம், உள்ள நுழையிறதுக்கு முன்னாடி ரெண்டு மூக்கு ஓட்டையிலயும் இதே தைலத்தத் தடவிட்டுத்தான் போயிருக்கேன். ஊருக்கு இது சளி மருந்து. எனக்கு இது அந்தத் தகரக் கதவு, அந்த ஈரச் சிமிண்டுத் தரை, தைலத்துக்கும் அடங்காம அதுக்கு அடியில ஊர்ந்து வர்ற அந்த நாத்தம். மேடத்தையும் குத்தம் சொல்ல முடியாது. தட்ட எடுக்கிறதுக்கு முன்னாடியே, இந்த வாசம் யாருக்காவது ஆகாதா, கூச்சப்படாமச் சொல்லுங்கன்னு ரெண்டு தடவ கேட்டுச்சு. ரெண்டாவது தடவ என்னையப் பாத்தே கேட்டுச்சு. "ஆகும் மேடம், ஜம்முனு இருக்கும்"னு சொன்னேன். நாக்குல புழு வைக்க. எதுக்கெடுத்தாலும் சரின்னு சொல்லியே நாசமாப் போனவன் நான். இப்ப மணி மூணு பத்து. நாலு மணிக்கு மணியடிச்சுக் கேட்டத் தொறப்பாங்க. சட்டைப் பையில கடுதாசி இருக்கு, என் சொந்த விருப்பத்தில் வெளியேறுகிறேன், இப்படிக்கு பிச்சைமணின்னு. கேட்டத் தாண்டி எடது கைப்பக்கம் திரும்பினா ஒயின்ஷாப்பு. இனி ஒரு சொட்டு உள்ள போச்சுன்னா ஈரல் தாங்காது, தூக்கிட்டு வந்தாலும் என்னால ஒண்ணும் செய்ய முடியாதுன்னு டாக்டர் படம் போட்டுக் காட்டிச் சொல்லிட்டாரு. தெரிஞ்சேதான் கடுதாசி எழுதினேன். என்னைய அறுக்கப்போறது எனக்கப்புறம் வேலைக்கு வந்த மாரிக்கனிதான். நான் சொல்லிக்குடுத்த தொழிலு, கோணலாத்தான் தைப்பான், பரவால்ல.

குடிய நிறுத்துறதுக்குன்னு சேத்துவிட்டதுல இது எனக்கு நாலாவது எடம். முன்னாடி இருந்த மூணும் எனக்குப் புரிஞ்சுது. மொட்டையடிச்சாங்க, பச்சத் தண்ணிய வாளியோட தலையில கவுத்துனாங்க, பிரம்பால பொறத்தால சாத்துனாங்க, குடிகாரத் தேவடியாப் பயலேன்னாங்க. வாஸ்தவந்தானே, வாங்கிக்கிட்டேன். வெளிய வந்து மறுநாளே குடிச்சேன். கொடுக்கல் வாங்கல் நேராயிருச்சு. இங்க வந்தா எல்லாம் தலைகீழ். ரூம் கதவச் சாத்த மாட்டாங்க. எந்த நாற்காலி வேணும்னு நம்மளையே கேக்குறாங்க. தோளத் தொடலாமான்னு கேட்டுட்டுத்தான் தொடுறாங்க. செவுத்துல பெரிய எழுத்துல எழுதிப் போட்டிருக்கு: "உனக்கு என்ன கேடு என்று கேட்கமாட்டோம். உங்களுக்கு என்ன நடந்தது என்று கேட்போம்." மொத நாள் அதப் படிச்சேன். எனக்கு என்னய்யா நடந்துச்சு? நடந்ததெல்லாம் மேசையில படுத்துக் கெடந்தவங்களுக்கு. லாரி ஏறினது அவங்க மேல. மண்ணெண்ணெய ஊத்திக்கிட்டது அவங்க. நான் கத்தியோட நின்னவன். என்னையப் பாத்து, அண்ணே, உங்களுக்கு எவ்வளவு காயம் இருக்கும்னு கண்ணு கலங்குது நாங்க மேடம்னு கூப்பிடுற அந்தப் பிள்ளை. இருபத்தாறு வயசு இருக்குமா, நாகர்கோயில் பக்கம், 'என்ன செய்யிது'ங்கிறத ஒரு இழுவையோட கேக்கும். அது கலங்கும்போதெல்லாம் எனக்கு என் மேலயே எச்சி துப்பணும் போல இருக்கும். திருடிட்டு வந்தவனுக்கு எலை போட்டுப் பாயாசம் ஊத்தினா எப்படி எறங்கும்.

இப்ப காஜா பேசிக்கிட்டிருக்கான். ஆட்டோ ஓட்டுறவன், எந்நேரமும் நக்கலடிச்சுக்கிட்டே இருப்பான், இன்னைக்கு என்னமோ கொரல் கம்மிப்போயிருக்கு. அவங்க அத்தா பெல்ட்ட ஊறப்போட்டு அடிப்பாராம். வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டாலே டவுசர்லயே மூத்திரம் போயிருவானாம். எல்லாரும் உச்சுக்கொட்டுறாங்க. நானும் கொட்டினேன். கொட்டினது வாயிதான், மனசு அங்கிட்டு நிக்கிது. அவனுக்குச் சொல்லுறதுக்கு ஒரு அத்தா இருக்காரு, ஒரு பெல்ட் இருக்கு, பாக்கியவான். போன வாரம் நானும் சொன்னேன், சொல்லாம இல்ல. மொத நாள் வேலைக்குப் போனப்ப, எனக்கு மூத்தவரு அய்யாக்கண்ணு, ஒரு கோட்டர உடைச்சு டம்ளர்ல ஊத்தி, "இதக் குடிடா, குடிச்சாத்தான் உள்ள நிக்க முடியும், குடிக்காம நின்னவன் எவனும் இல்ல"ன்னு நீட்டுனதச் சொன்னேன். செத்தவங்க வீட்டுக்காரங்களே பாட்டில் வாங்கிட்டு வந்து குடுப்பாங்க, அழுதுகிட்டே குடுப்பாங்க, அது ஒரு மொறையாவே ஆகிப்போச்சுன்னு சொன்னேன். டாக்டர் வாசல்லயே நின்னு எழுதிட்டுப் போயிருவாரு, அறுக்கிறதும் தைக்கிறதும் கழுவுறதும் கட்டுறதும் நாந்தான்னு சொன்னேன். வீட்டுல சம்சாரம் கொல்லப்பக்கம் சட்டையக் கழட்டவிட்டுக் குளிக்க வச்சுத்தான் உள்ள விடுவா, பதினஞ்சு வருசம் தனித் தட்டுன்னும் சொன்னேன். எல்லாம் நெசம். மேடம் குறிப்பெழுதுச்சு. "அப்ப, அந்த வேலைய உங்க ஒடம்பு தாங்குறதுக்கு நீங்க கண்டுபிடிச்ச வழிதான் குடி. அது உங்க தப்பில்லண்ணே"ன்னு சொல்லுச்சு. எல்லாரும் தலையாட்டுனாங்க. டிராயிங் வாத்தியார் குணசீலன் சார் எந்திரிச்சு வந்து என் கையப் பிடிச்சாரு. என் கைய. நெசத்தச் சொல்லி நெசத்த மறைக்கிறவன மாதிரி ஒரு பெரிய அயோக்கியன் உலகத்துல கெடையாது. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறவனாவது சோறுன்னு பொய் சொல்லல, பூசணிக்காயத்தான் மறைக்கிறான். சே, என்னமோ உளறுறேன், இந்தத் தைல நாத்தம் மண்டைய என்னமோ பண்ணுது.

மணி மூணு இருவத்தஞ்சு. கைக்குட்டையக் கீழ போட்டா என்ன. போட்டா மேடம் பாக்கும், என்னண்ணேன்னு கேக்கும். பைக்குள்ள வச்சா கடுதாசி நாறும். கையில வச்சிருந்தா கை நாறும். கை ஏற்கனவே நாறுது, சோப்புப் போட்டாலும் நாறும், எலுமிச்சம்பழத்தத் தேச்சாலும் நாறும், பிள்ளை பொறந்தப்பக்கூட நான் தூக்கல, நாறும்னு தூக்கல. ரெண்டாயிரத்துப் பத்து, ஐப்பசி மழை. ஆத்துல போனவன் ஒருத்தன், கண்மாயில போனவன் ஒருத்தன், ரெண்டும் மூணு நாளு ஊறி ஒரே நாளுல வந்து சேந்துச்சு. ஒண்ணு அருளப்பன். இன்னொண்ணு செல்லப்பாண்டி. ஊறிப்போனா எல்லா மூஞ்சியும் ஒரே மூஞ்சிதான். எனக்கு மதியமே ரெண்டு கோட்டர் உள்ள போயிருந்துச்சு, ரெண்டு வீட்டுக்காரங்களும் ஆளுக்கொண்ணு குடுத்திருந்தாங்க. அறுத்தேன், தைச்சேன், கழுவினேன், வெள்ளைத் துணிய இறுக்கச் சுத்திக் கட்டினேன். துணிமேல நெஞ்சுப் பக்கத்துல மார்க்கர் பேனாவால பேரெழுதணும், அதுவும் என் வேலைதான். எழுதினேன். பேரு மாறிப்போச்சு. அவ்வளவுதான். மார்க்கர் ஒரு கிறுக்கு, முடிஞ்சுபோச்சு. வெளிய நின்னவங்க மூஞ்சியத் தொறந்து காட்டுங்கன்னு அழுதாங்க. நாந்தான் வேணாம்மா, பாக்காதீங்க, இருந்த மூஞ்சியவே மனசுல வச்சுக்கங்கன்னு சொன்னேன். பெரிய மகான் மாதிரி சொன்னேன். பாத்திருந்தா ஒருவேளை கண்டுபிடிச்சிருப்பாங்க. செல்லப்பாண்டின்னு எழுதினத அவங்காளுங்க சுடுகாட்டுக்குக் கொண்டுபோய் எரிச்சாங்க. அருளப்பன்னு எழுதினதக் கல்லறைத் தோட்டத்துல பொதைச்சாங்க. சரி, குடிவெறியில ஒரு தப்பு. எத்தன பேரு எத்தனையோ பண்ணுறான். இது மட்டுந்தான்னா நான் இந்த மேடம்கிட்ட மொத வாரமே சொல்லியிருப்பேன்.

மறுநா காலையில ஒம்பது மணி. காடாத்தப் போன செல்லப்பாண்டியோட அண்ணன், பால் சொம்ப இடுப்புல இடுக்கிக்கிட்டு நேரா மார்ச்சுவரிக்கு வர்றான். மொட்டைத் தலை, கண்ணு செவந்து போயிருக்கு. துண்டுல சுத்தி ஒண்ணக் கொண்டுவந்து என் முன்னாடி பிரிக்கிறான். ஒரு கம்பி. காலு ஒடஞ்சா எலும்புல வைப்பாங்களே, அந்தக் கம்பி, கரி படிஞ்சு, ரெண்டு திருகாணியோட. "அண்ணே, எலும்பு பொறுக்கையில இது கெடந்துச்சு. எங்க தம்பிக்குக் காலுல ஆப்ரேசனே பண்ணலண்ணே. இது என்னண்ணே?" அப்படித்தான் கேட்டான். சண்டைக்கு வரல. சட்டையப் பிடிக்கல. தெரியாமக் கேக்குறான், பிள்ளை மாதிரி. எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. அருளப்பனுக்கு எடது காலுல கம்பி இருந்துச்சு, அறுக்கும்போது நானே பாத்தேன். அந்த நிமிசம் சொல்லியிருந்தா, அந்தப் பக்கம் மண்ணு இன்னும் ஈரங்கூடக் காயல, தோண்டி எடுத்திருக்கலாம், தம்பி ஒடம்பாவது அவனுக்குக் கெடச்சிருக்கும். வேலை போயிருக்கும், ஜெயிலுக்கே போயிருப்பேன், போனா என்ன. "அது உனக்கு முன்னாடி எரிஞ்ச ஆளோடதா இருக்கும்பா. சரியா அள்ளாம விட்டிருப்பாங்க. குடு"ன்னு சொன்னேன். குடுத்தான். கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனான். கம்பிய வாங்கிக் கழிவு வாளியில போட்டேன். டங்குன்னு ஒரு சத்தம். குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சும்பாங்க. நான் அந்தப் பொய்யச் சொன்னதே விடிஞ்சப்புறந்தான். அன்னைக்குக் காலையில ஒரு சொட்டு குடிக்கல. பல்லு வெளக்கி, இட்லி தின்னு, திருநீறு பூசிட்டு வந்து, தெளிஞ்ச மண்டையோட, யோசிச்சு, நிதானமாச் சொன்ன பொய்யி. மேடம் போர்டுல அம்புக்குறி போட்டுச்சே, காயம், காயத்துலருந்து வலி, வலியிலருந்து குடின்னு. அதுல இத எங்க போடுறது. இது காயமா? இது நான். தூ.

காஜா முடிச்சிட்டான். கை தட்டுறாங்க. இங்க தட்டுறது கூட சத்தமில்லாம, யாருக்கும் திடுக்குனு இருக்கக்கூடாதாம். மில்லுல சூப்பர்வைசரா இருந்த தனுஷ்கோடி ஆரம்பிக்கிறாரு. அவருக்கடுத்து நான். மணி மூணு முப்பத்தஞ்சு. வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு நான் அங்க போயிருவேன். நல்லாக் குடிச்சிட்டுத்தான் போவேன். போயி, தூரமா ஒரு வேப்பமரத்தடியில நின்னுக்கிட்டுப் பாப்பேன். அருளப்பன் சம்சாரம் கல்லறையக் கழுவி, செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுதிரி ஏத்தி, முட்டி போட்டு உக்காந்து பேசிக்கிட்டு இருக்கும். அந்த வருசம் நடந்தது எல்லாத்தையும் சொல்லும், மக காலேஜுக்குப் போறதச் சொல்லும். உள்ள கெடக்கிறவன் அவ புருசன் இல்ல. உள்ள கெடக்கிறவன் வீட்டுல அமாவாசைக்கு அமாவாசை எள்ளும் தண்ணியும் எறைக்கிறாங்க, அவன் அங்கயும் இல்ல. நாலு வருசத்துக்கு முன்னாடி அந்தம்மா என்னையப் பாத்திருச்சு. "அண்ணே, அவருகூட வேல பாத்தவங்களா? ஒவ்வொரு வருசமும் வந்து நிக்கிறீங்களே, நீங்களும் ஒண்ணு ஏத்துங்க"ன்னு ஒரு மெழுகுதிரியக் கையில குடுத்துச்சு. ஏத்தினேன். மாட்டேன்னு சொல்லல பாத்துக்க. சரிம்மான்னு வாங்கி ஏத்தி, சிலுவைக்குக் கீழ நட்டு வச்சு, கண்ண மூடி நின்னேன். அது பதிலுக்கு எனக்கு ஒரு பன்னு குடுத்துச்சு. அதையும் தின்னேன். பொணத்தோட பக்கத்துல உக்காந்து சோறு தின்னிருக்கேன், அப்பெல்லாம் வராத கொமட்டலு அந்தப் பன்னுக்கு வருது.

அதுகூட இல்ல. அதுக்கும் அடியில ஒண்ணு கெடக்கு, தைலத்துக்கு அடியில அந்த நாத்தம் கெடக்குற மாதிரி. ஒரு கம்பி இருந்ததால இந்த ஒண்ணு தெரிஞ்சுது. கம்பி இல்லாதவங்க? இருபத்திரெண்டு வருசத்துல எத்தன வெள்ளைத் துணி, எத்தன பேரு. ஒரே நாளுல ரெண்டு வந்த நாளு எத்தன, மூணு வந்த நாளு எத்தன. எல்லா நாளும் கை அதே மாதிரித்தான் ஆடுச்சு. படுத்தா ஒவ்வொண்ணா எண்ணுவேன், எண்ணி முடியாது, எண்ணி முடியாமத்தான் பாட்டிலத் தொறப்பேன். இதச் சொல்லாம நான் வெளிய போனா, இன்னைக்கே குடிச்சிருவேன், செத்துருவேன். சொன்னா? இந்தப் பிள்ளை என்ன சொல்லும்? நீங்க அப்ப பயந்துபோயிருந்தீங்கண்ணே, அது மனுச சுபாவந்தாண்ணேன்னு சொல்லும். என்னையத் தொடச்சு, பவுடர் போட்டு, தொட்டில்ல போடும். அதத்தான் என்னால தாங்க முடியாது. ஒருத்தராவது மூஞ்சியச் சுளிக்கணும். அட நாயேன்னு ஒருத்தராவது சொல்லணும்.

"மணி அண்ணே, இன்னைக்குப் பேசுறீங்களா? இல்ல சும்மா உக்காந்திருக்கணும்னாலும் சரிதான்." தனுஷ்கோடி முடிச்சதும் மேடம் கேக்குது. சரிங்கிறதுக்கு வாயத் தொறந்தேன். சும்மா இருக்கேன் மேடம்னு சொல்லிட்டு நாலு மணிக்கு எந்திரிச்சிருக்கலாம். "மொதல்ல இந்தத் துணிய எடுத்துருங்க மேடம், இது மார்ச்சுவரி நாத்தம்"னு வந்துச்சு. மேடம் பதறிப்போயி எந்திரிச்சு வந்து வாங்கிக்கிச்சு, மன்னிச்சிருங்கண்ணேன்னுச்சு. "மன்னிப்பெல்லாம் நீங்க கேக்காதீங்க"ன்னு ஆரம்பிச்சவன், நிறுத்தல. ஆத்துல போனவன், கண்மாயில போனவன், மார்க்கர், கம்பி, வாளி, கல்லறை, பன்னு, எல்லாத்தையும் கொட்டினேன். வாந்தி எடுக்கிற மாதிரித்தான், நடுவுல நிறுத்த முடியல. "அண்ணே, அன்னைக்கு நீங்க இருந்த நெலமையில..."ன்னு மேடம் மெதுவா ஆரம்பிச்சுச்சு. "நெலமை நல்லாத்தான் இருந்துச்சு மேடம். இட்லி தின்னுட்டு வந்துதான் சொன்னேன்"ன்னேன். அந்தப் பிள்ளை நோட்ட மூடி மடியில வச்சிருச்சு. அதுக்காகவே அது கால்ல விழலாம்.

"எந்த வருசம்ணே?" காஜா கேக்குறான். நக்கல் எல்லாம் எங்கயோ போயிருச்சு, கண்ணு மட்டும் பெருசா இருக்கு. "ரெண்டாயிரத்துப் பத்து, ஐப்பசி." "எங்கத்தாவ லாரி அடிச்சது பதிமூணுல. அங்கதான் வச்சு அறுத்தாங்க"ன்னு சொல்லி மூச்ச விட்டுக்கிட்டான், பெல்ட்டால அடிச்ச அத்தாவுக்காக. தனுஷ்கோடி வெரல மடக்கி எண்ணுறாரு. "எங்க கொழுந்தியா அதே வருசம். ஆனா சித்திரை." அவரும் மூச்ச விட்டாரு. இந்த ஊருல எவன் வீட்டுலதான் ஒரு ஒடம்பு எங்கிட்ட வராமப் போயிருக்கு. ஒவ்வொருத்தரா வருசம் கேக்குறாங்க, மாசம் கேக்குறாங்க, சொல்லுறேன், நாற்காலிய ஒரு சாண் பின்னால இழுத்துக்கிறாங்க. மூஞ்சியெல்லாம் சுளிச்சிருச்சு. நான் கேட்டது இதத்தான், கெடச்சிருச்சு. நாலு மணி அடிச்சுது, கேட்டு தொறக்குற சத்தம் கேட்டுச்சு, யாரும் எந்திரிக்கல. அடுத்தது குணசீலன் சார். கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு, மாட்டினாரு, மறுபடி கழட்டினாரு. "எங்கம்மா ரெண்டாயிரத்துப் பதினாலு, ஆடி மாசம். தீக்காயம். அன்னைக்கு இன்னொரு அம்மாவும் அதே மாதிரி வந்திருந்தாங்க. மூஞ்சியப் பாக்க வேணாம் தம்பின்னு ஒருத்தர் சொன்னாரு"ன்னு சொல்றாரு. போன வாரம் என் கையப் பிடிச்ச மனுசன். "நாந்தான் சார்." "வருசத்த விடுங்க. அன்னைக்கு நீங்க குடிச்சிருந்தீங்களா?" இல்ல சார், அன்னைக்குத் தெளிவாத்தான் இருந்தேன், உங்கம்மாவ நல்லாப் பாத்துத்தான் எழுதினேன்னு சொல்லிரலாம். சொன்னா அந்த மனுசன் இன்னைக்கு ராத்திரி தூங்குவாரு. நாக்கு நுனியில வந்து நிக்கிது, கம்பியக் கொண்டுவந்த அன்னைக்குக் காலையில நின்ன மாதிரியே, தெளிவா, நிதானமா. "குடிக்காத நாளே கெடையாது சார்"னு சொல்லிட்டு, எந்திரிக்காம, அவர் மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.